மேற்படி உறுப்பு

அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. திருச்சியில் ஒரு சேவைச் சங்கமும் ஒரு தனியார் மருத்துவமனையும் சேர்ந்து, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாக மேமோகிராம் எடுக்கப்போகிறார்களாம். பெரம்பலூரிலிருந்து இருபது பேரை வேனில் கூட்டிப்போய், மாலைக்குள் கொண்டுவந்து விடுவார்களாம். அதற்கு எங்கள் அலுவலகம் ஒத்துழைக்க வேண்டுமாம். மேமோகிராம் என்பது மார்பகத்தை எக்ஸ்ரேபோலப் படம் பிடிப்பது, கைக்குத் தட்டுப்படாத புற்றுநோயையும் அது காட்டிவிடும் என்று ஒரு பத்தியில் விளக்கமும் இருந்தது.

நான் அப்போது பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். வயது நாற்பத்திரண்டு. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. அந்தப் பாகப்பிரிவினையில் எங்கள் அலுவலகத்தின் நல்ல தட்டச்சுப் பொறிகள் இரண்டும் அரியலூருக்குப் போய்விட, 'ற' விழாத பொறி என் பங்குக்கு வந்திருந்தது. கடிதத்தைத் தமிழாக்கி நோட்டீஸாக அடிக்கச் சொன்னார் கண்காணிப்பாளர். 'மார்பகப் புற்றுநோய் கண்டறியும் முகாம்' என்று தலைப்பு அடித்து, விழாத எழுத்துகளைப் பேனாவால் நிரப்பி, அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

கண்காணிப்பாளரை நாங்கள் சூப்ரண்டு சார் என்போம். நல்ல மனிதர். பெண் ஊழியர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது காலைக்கூட நீட்ட மாட்டார். நோட்டீஸைப் படித்தவர் காது சிவந்துபோனார்.

"என்னாம்மா இது? நோட்டீஸ் போர்டுக்கு முன்னாடி பூரா ஆம்பளைங்க நிக்கிற எடம்."

"கடுதாசியில அப்படித்தான் சார் இருக்கு."

"இங்கிலீஷ்ல இருக்கலாம்மா. இங்கிலீஷ்ல எது இருந்தாலும் மரியாதையாத்தான் இருக்கும்."

சிவப்பு மையால் முதல் சொல்லை அடித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இந்த நோயையும் எடுத்துடுவோம். இதைப் போட்டா பயந்துக்கிட்டு ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று இரண்டாவது சொல்லையும் அடித்தார். நான் கஷ்டப்பட்டுப் பேனாவால் எழுதிய 'ற்று' வீணாயிற்று. கடைசியில் தலைப்பு, 'மகளிர் சிறப்பு மருத்துவ முகாம்' என்று ஆனது. உள்ளே ஓரிடத்தில் உறுப்பைக் குறிப்பிடாமல் தீராது என்ற நிலை வந்தபோது, 'மேற்படி உறுப்பில்' என்று எழுதிக் கொடுத்தார். மேலே எந்த உறுப்பும் இல்லை. நான் அப்படியே அடித்து ஒட்டினேன்.

நோட்டீஸுக்கு நல்ல பலன் இருந்தது. இருபது பேருக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். முட்டிவலிக்காரர்கள், கண்ணில் புரை விழுந்தவர்கள், இலவசக் கண்ணாடி கிடைக்கும் என்று நம்பியவர்கள், மருமகளுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றிக் கேட்க வந்த ஒருத்தி. எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவும் இடுப்புவலிக்கு எடுத்த பழைய எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரஞ்சன்குடிப் பக்கத்து ஊர்க்காரி. வயது என்னைவிட ஏழெட்டு கூடுதல் இருக்கும். புருஷன் செத்த பிறகு, கரும்பு வெட்டப் போவதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். காலை முதல் பஸ்ஸில் வந்து, நாங்கள் வருவதற்குள் அலுவலகத்தை ஒழுங்குபடுத்திவிட்டு, வருகிற ஒவ்வொருவரையும் நேரம் சொல்லி வரவேற்பாள். தாமதமாக வருபவர்களுக்கு அது பிடிக்காது.

நான் நோயாளியாகப் போகவில்லை. பேர் சரிபார்க்கும் பொறுப்பாளராக, அலுவல் நிமித்தம் போனேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மருத்துவமனையில் இளம் வயது டாக்டரம்மா ஒருவர் எங்களை உட்காரவைத்து, எங்கள் சூப்ரண்டு சார் இரண்டு முறை அடித்துத் திருத்திய சொற்களை ஒரே மூச்சில், சத்தமாக, ஐந்தாறு தடவை சொன்னார். எந்தத் துணியை எங்கே கழற்ற வேண்டும் என்பதையும் சொன்னார். உடனே ஒருத்திக்கு மயக்கம் வருவதுபோல இருந்தது. அவளைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் எழுந்தார்கள். அந்த மூவருக்கும் துணையாக எட்டுப் பேர் வெளியே போனார்கள். திரும்பி வரவில்லை. மலைக்கோட்டையில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, வேன் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வந்து ஏறிக்கொண்டதைப் பிறகு பார்த்தேன். கண்ணாடிக்கு வந்தவர்கள், இது கண்ணுக்கு இல்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். கடைசியில் என் பட்டியலில் ஐந்து பேர் மிஞ்சினார்கள்.

"உங்க வயசு என்னம்மா?" என்றார் டாக்டரம்மா என்னிடம்.

"நான் ஆன் டியூட்டி மேடம்."

"டியூட்டியில இருக்கறவங்களுக்கு வராதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்தாள். "நீங்க போனா நானும் வரேன் டைப்பிஸ்டம்மா. இம்மாம் தூரம் வந்துட்டு சும்மா போனா நல்லாவா இருக்கும்?"

இப்படித்தான் நான் படம் எடுத்துக்கொண்டேன். வராதவர்களின் இடத்தை நிரப்புவதற்காக. இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார்கள். வலித்தது, ஆனால் மூச்சை அடக்கி எண்ணி முடிப்பதற்குள் விட்டுவிட்டார்கள். அக்கா உள்ளே போய்விட்டு வந்து, "எறையூரு ஆலையில கரும்ப வுட்டாப்ல இருக்கு. சாறுதான் வரல" என்றாள். வராந்தாவில் கோபமாக இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அலுவலக முகவரிக்கு வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் தபால் எதுவானாலும் சூப்ரண்டு சார்தான் பிரிப்பார். பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் கொடுத்து, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்புவார். அன்றும் பழக்க தோஷத்தில் பிரித்துப் படித்து முத்திரையும் குத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று திகைத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் தன் மேஜையிலேயே வைத்திருந்தார். பிறகு தானே எழுந்து என் இடத்துக்கு வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஆறு பேருக்கு ரிசல்ட் வந்துருக்கும்மா. அஞ்சு பேருக்கு ஒண்ணுமில்ல." தாளை நாலாக மடித்து நீட்டினார். "உங்கள மட்டும் மறுபடி ஒரு தடவ வரச் சொல்றாங்க. மேற்படி விஷயமா."

இடது பக்கத்தில் சந்தேகத்துக்குரிய புள்ளிகள் என்று எழுதியிருந்தது. அதன்மேல் 'பெறப்பட்டது' என்ற முத்திரை ஊதா நிறத்தில் விழுந்திருந்தது.

அக்காவின் தாளையும் நான்தான் படித்துக் காட்டினேன். அவளுடையது சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லக்கா. இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல" என்றேன். அவள் அந்தத் தாளை ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். நான் சொன்ன அந்த ஒரு வரியை, பின்னால் எத்தனையோ தடவை திரும்பப் பெற்றுக்கொள்ள நினைத்திருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தடவிப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. என் கணவர் எறையூர் சர்க்கரை ஆலையில் எடை மேடையில் வேலை பார்த்தார். எடையில் ஏறாத எதையும் நம்பாதவர்.

"கட்டி இருக்கா?"

"இல்ல."

"வலி?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் எதைத்தான் பாக்கக் கூப்புடுறாங்க?"

ஆலையில் கரும்பு அரவை நேரம், அவருக்கு லீவு கிடைக்காது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். கறுப்பும் சாம்பலுமான மூட்டத்துக்குள், ஓரிடத்தில் மட்டும் ரவை சிந்தினாற்போல வெள்ளைத் துகள்கள். எண்ணினால் பத்துப் பதினைந்து இருக்கும்.

"இது உங்க கைக்குத் தெரியாதும்மா. எங்க கைக்கும் தெரியாது. படத்துக்குத்தான் தெரியும்."

படத்தைப் பார்த்து மெல்லிய கம்பியால் இடத்தை அடையாளம் வைத்து, அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான். பால் குழாய்க்குள் நெடுகப் பரவி, ஒரே ஓரிடத்தில் மட்டும் மிளகு அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்திருந்தது.

"அளவு சின்னது. ஆனா ஜாதி முரட்டு ஜாதி. வேகமா வளரும், வேகமா ஓடும். இப்படிப்பட்டதை இந்த நெலமையில புடிக்கிறது அபூர்வம்மா. நீங்க அதிர்ஷ்டசாலி."

பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸில் என் அதிர்ஷ்டத்தை நினைத்து அழுதுகொண்டே வந்தேன்.

அக்கா அழவிடவில்லை. "என்னாத்துக்கு அழுவறீங்க? ரெண்டு புள்ளைக்குப் பாலு குடுத்தாச்சு. அதோட வேல முடிஞ்சிபோச்சி. ரிட்டையர் ஆவுதுன்னு நெனைச்சுக்குங்க." முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, நீங்க முன்னாடி பாருங்க" என்றாள்.

இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கணவர் அறுவை அன்று வந்தார். அன்று முழுவதும் வராந்தாவில் நின்றார், உட்காரவே இல்லை என்று அக்கா சொன்னாள். பிறகு கீமோ என்று ஆறு தடவை சிவப்பு மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தடவைக்கே தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்பார்கள். "சிறுவாச்சூருக்கு" என்பேன். "திங்கக்கெழமை போனீங்களா, வெள்ளிக்கெழமையா?" என்று சிலர் விடாமல் கேட்பார்கள். அங்கே அந்த இரண்டு நாள்தான் நடை திறப்பார்கள். பொய் சொல்வதற்கும் கிழமை பார்க்க வேண்டியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடும் ஒரு தீர்ப்போடும் வந்தார்கள். நல்லாயிருந்த உடம்பைக் கொண்டுபோய் மிஷினில் கொடுத்து நசுக்கினதால்தான் வந்தது என்பது அந்தத் தீர்ப்பு. மலைக்கோட்டைக்குப் போய்விட்டு வேனில் ஏறியவர்களில் ஒருத்தி, "நாங்க புள்ளையாரப் பாத்தோம், அவரு எங்களக் காப்பாத்திட்டாரு" என்று என் கட்டிலில் உட்கார்ந்தே சொன்னாள். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. உண்மையாகவே நன்றியோடு சொன்னாள்.

என் மருத்துவ விடுப்புக் கோப்பு எப்படியோ அரியலூருக்குப் போய்விட்டது. பணிப்பதிவேட்டைத் தவறாகக் கட்டி அனுப்பியிருந்தார்களாம். அது அங்கே கிடந்த காலத்தில் இரண்டு மாவட்டங்களும் மறுபடி ஒன்றாகிவிட, மூட்டைகளோடு மூட்டையாகத் திரும்பி வந்தது. 'மனுதாரருக்கு நோய் இன்னும் தொடர்கிறதா என்ற விவரம் தேவை' என்று ஒரு குறிப்பு அதில் இருந்தது. அதே விவரம் எனக்கும் தேவைப்பட்டது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒவ்வொரு வருசமும் வந்து மிச்சம் இருக்கறதைப் படம் எடுங்க. அஞ்சு வருசம் போகட்டும், அப்ப சொல்றேன்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அதே சங்கம் இன்னொரு முகாம் வைத்தது. இந்த முறை நோட்டீஸில் இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லி எழுதினார் சூப்ரண்டு சார். எதையும் அடிக்கவில்லை. நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்கும் ஆண்கள் அன்று வேறு இடத்தில் போய் நின்றார்கள். உண்மையைச் சொன்னதற்கு வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் சூப்ரண்டு சாரின் மனைவி. அவரே கூட்டிவந்து, தண்ணீர்ப் பாட்டிலும் மஞ்சள் பையுமாக வேனுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, "இவளுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா பாத்துக்கிட்டா நல்லதுதானேன்னு" என்றார். அவருடைய மனைவிக்கு ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். "எனக்குத்தான் லெட்டரு குடுத்துட்டாங்களே டைப்பிஸ்டம்மா. போன தடவையே பாத்தாச்சி. வேற யாருக்காச்சும் அந்த எடத்தைக் குடுங்க" என்றாள். எனக்கு விஷயம் தெரியும். ஒரு படம் அன்றைய தேதிக்குத்தான் பதில் சொல்லும் என்று டாக்டரம்மா என்னிடமே சொல்லியிருந்தார். ஆனாலும் நான் வற்புறுத்தவில்லை. வேனில் பதினாறு இடம் காலியாக இருந்தது.

அதற்கடுத்த வருடம் பொங்கல் முடிந்த ஒரு நாள், அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்கா என்னிடம் வந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் பொறிமேல் வைத்தாள்.

"இதை இன்னொரு வாட்டி படிங்க."

"என்னக்கா?"

"படிங்கன்றேன்ல."

படித்தேன். இயல்பு என்றுதான் இருந்தது. அவள் என் கையை எடுத்துத் தன் ரவிக்கைமேல் வைத்தாள். வலது பக்கம், எலுமிச்சம்பழம்போல, கெட்டியாக இருந்தது.

"எத்தன நாளாக்கா இருக்கு?"

"தீவாளிக்கு முன்னயே பாத்தேன். லெட்டருல இல்லன்னு இருக்குதே, அப்ப இது வேற எதுனாச்சும் வீக்கமா இருக்கும்னு விட்டுட்டேன்."

திருச்சியில் டாக்டரம்மா அக்காவின் பழைய படத்தைத் தேடி எடுத்து, புதியதன் பக்கத்தில் மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்:

"அன்னைக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லம்மா. இது அப்பறமா வந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல வளர்ற ஜாதி. அக்குளுக்குப் போயிடுச்சு."

"என்னோடதும் முரட்டு ஜாதின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. உங்களது படம் எடுக்கற நாள் பாத்து மாட்டிக்கிச்சு. இவங்களது மாட்டல. போன வருசம் வந்திருந்தா ஒருவேளை பாத்திருக்கலாம். கட்டி தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தாலும் நல்லாயிருந்திருக்கும். அவங்க ஏன் வரல?"

நான் அக்காவிடம் என்ன சொல்லியிருந்தேன் என்பதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் மேஜைமேல் இருந்த என் கையை ஒரு தடவை தட்டிவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது.

அக்காவிடமும் சொன்னேன். "நான் படிச்சதுதான்க்கா தப்பு. கவலையே இல்லன்னு அதுல எழுதல. நானாச் சொன்னேன்."

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். பிறகு, "அன்னிக்கு அதைக் கேட்டு நல்லாத் தூங்குனேன். ரெண்டு வருசம் நிம்மதியா இருந்தேன்ல, அது கணக்குல இல்லயா?" என்றாள்.

அவளுக்கு முதலில் மருந்து, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு. இந்தத் தடவை நான் துணைக்குப் போனேன். இடையில் ஒரு வருடம் தெம்பாக இருந்தாள். அலுவலகத்துக்கு வந்து மறுபடி எங்கள் தாமதங்களைச் சத்தமாக அறிவித்தாள். பிறகு முதுகெலும்புக்குப் போய்விட்டது. 2006 மழைக்காலத்தில், ஒரு மதிய நேரம், மருமகளிடம் கஞ்சி கேட்டுக் குடித்துவிட்டுப் படுத்தவள் எழவில்லை.

காரியத்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்தேன். பந்தலின் கீழ் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லா இருந்தவங்களுக்கு மிஷினால்தான் நோயே வருது என்று ஒரு கட்சி. மிஷின் ஒண்ணும் இல்லைன்னு சொல்லியும் செத்துப்போயிட்டாளே, அதுக்கு என்ன தெரியும் என்று இன்னொரு கட்சி. கொஞ்ச நேரம் காரசாரமாகப் பேசிவிட்டு, இரண்டு கட்சியும் ஒரே முடிவுக்கு வந்தன: அங்கே போகவே கூடாது. முதல் கட்சிக்கு ஆதாரம் நான். அந்த ஆதாரம் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு நடுவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அன்று பேசினேன். இலையை மூடிவிட்டு, எனக்கு எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அக்காவுக்கு என்ன நடந்தது, நான் என்ன தவறு செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் பந்தியில் ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு அப்படியே திரும்பிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து மூன்று பேர் என்னோடு வருவதாகச் சொன்னார்கள். முகாம் எதுவும் இல்லை. சாதாரண பஸ்ஸில் போனோம். சமயபுரம் வந்ததும் ஒருத்தி, "நான் ஆத்தாளப் பாத்துட்டு அப்பறமா வரேன்" என்று இறங்கிக்கொண்டாள். வரவில்லை. மற்ற இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அக்காவின் மருமகளுடைய அம்மா. இருவருக்கும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா அன்றே எழுதிக் கொடுத்த தாள்களைத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்துக் காட்டினேன். இந்த முறை எழுதியிருந்ததை மட்டும் படித்தேன்.

"அப்ப இனிமே பயமில்லதானே?" என்றாள் சம்பந்தியம்மா.

"இன்னிக்கி இல்லைங்க. அவ்ளோதான் இதுல இருக்கு. அடுத்த வருசம் மறுபடி வரணும். நடுவுல கைக்கு எதுனா தட்டுப்பட்டா, இந்தத் தாளைப் பாக்காம, அன்னிக்கே கெளம்பி வந்துடுங்க."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, துணியை அவிழ்த்து, மானத்தை விட்டதற்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்திருப்பாள். அதற்குள் பெரம்பலூர் பஸ் வந்துவிட்டது. இடம் பிடிக்க ஓடினோம். ஜன்னலோரம் கிடைத்ததும் அவள் அந்தத் தாளை இன்னொரு தடவை என்னிடம் நீட்டி, "அடுத்த வருசம் எந்த மாசம்னு மேல எழுதிக் குடுங்க. நான் மறந்துடுவேன்" என்றாள். பேனா பையின் அடியில் போய்விட்டது. பையைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தேன்.